சொர்ணவல்லி பேசாத பேச்சு

அரிமளத்துக்குத் தெற்கே நெடுங்காட்டுப்பட்டியில் சொர்ணவல்லிக்கு இருந்த ஒரே சொத்து அவளுடைய தொண்டை. நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையின் இந்த முனையில் நின்று அவள் பேர் வாசித்தால், அந்த முனையில் வெற்றிலை மென்றுகொண்டிருப்பவள் அடித்துப் பிடித்து எழுந்து மண்வெட்டியைத் தேடுவாள். அதட்டினால் தெருநாய்கூட ஒதுங்கிப் போகும். அதே தொண்டை, காய்ச்சலில் சுருண்டு கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து “என்ன பெரியப்பு, கஞ்சி எறங்குதா?” என்று கேட்டால் பாதிக் காய்ச்சல் அங்கேயே இறங்கிவிடும். ஊரில் யாருக்கு நோக்காடு என்றாலும் முதலில் வாசலில் கேட்கிற குரல் அவளுடையதுதான். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே வேண்டாம். மனதில் ஒன்று தைத்துவிட்டால் மட்டும் ஏழு பிறவிக்கும் மறக்கமாட்டாள்.

அப்படி அவள் மறக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆள் அழகம்மாள். செத்துப்போன அண்ணன் பொண்டாட்டி, அவளுக்கு மதினி. அண்ணன் போனபிறகு மதினிக்கும் அவள் மகள் இலக்கியாவுக்கும் கூடமாட நின்றது வல்லிதான். இலக்கியாவைத் தோளில் போட்டு வளர்த்தாள். சடங்குக்கு அத்தை சீர் கொண்டுபோய் ஊர் வாயைப் பிளக்க வைத்தாள். எல்லாம் எதற்கு? நாளைக்குத் தன் மகன் சிவபிரகாசுக்குக் கட்டுகிற பிள்ளை என்ற எண்ணத்தில்தான். அழகம்மாளோ முறை மாப்பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்க, “சொந்தத்துல வேணாம், புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்றாரு” என்று இலுப்பூர்ப் பக்கம் அசலில் கொடுத்துவிட்டாள். வல்லி நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. “செத்தாலும் வாழ்ந்தாலும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன். ஒனக்கும் எனக்கும் பேச்சு அத்துப்போச்சு!” என்றாள். சொன்னபடியே இருந்தாள். ரெண்டு வீட்டுக்கும் நடுவே நாலு வீடுதான். ஆறு வருஷமாக அந்த நாலு வீட்டைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை.

இந்த நிலையில்தான் மாத்திரைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

சென்னையில் ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி. மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார்கள், இன்னும் கடைக்கு வரவில்லை, அதற்குமுன் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாற்று நட்டும் களையெடுத்தும் முட்டி தேய்ந்துபோன ஊரில் ஆளுக்கா பஞ்சம்? சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திருச்சியிலிருந்து ரகுநாத் என்று ஒரு பையன், கம்பெனியின் ஆள், கையில் டேப்லட்டோடு வந்து பக்கம் பக்கமாக எதையோ படித்தான். படித்தானா, மூச்சுவிடாமல் ஒப்பித்தானா என்று அவனைத்தான் கேட்க வேண்டும். “கம்ப்யூட்டர் தினமும் போன் பண்ணி விசாரிக்கும்” என்ற வரியும் அதில் ஒரு மூலையில் இருந்தது. டீயும் பன்னும் வந்துகொண்டிருந்த நேரம், யார் காதில் விழும்? வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அழகம்மாளும் போட்டாள்.

ஊரில் ஆள் திரட்டவும், மாத்திரை டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வல்லியை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மதினி வீட்டுக்கு மட்டும் டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஆரம்பத்தில் அருணா என்று ஒரு நர்சுப் பெண் வாராவாரம் வந்து, வீடு வீடாக ஏறி, கண்ணைப் பிதுக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, தோலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். வல்லியிடமும் சொல்லி வைத்திருந்தாள்: “வாயில புண்ணு, கண்ணு எரிச்சல், தோல்ல தடிப்பு, இப்படி எது வந்தாலும் மாத்திரையை அப்படியே நிறுத்திட்டு எனக்கு போன் அடிங்கக்கா. தள்ளிப்போட்றாதீங்க.” வல்லியும் தலையாட்டினாள்.

பிறகு ஒருநாள் ரகுநாத் வந்தான். “அக்கா, உங்க வாய்ஸ் எங்களுக்கு வேணும்” என்றான்.

அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போய், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்தாள், சிரித்துக் காட்டினாள், அதட்டினாள், “அடி ஆத்தி!” என்றாள். அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இனி அவள் வாயைத் திறக்காமலே அவள் குரல் எதை வேண்டுமானாலும் பேசும், மறுமொழி கேட்டு அதற்குத் தக்கபடி பதிலும் சொல்லும் என்றான் ரகுநாத். அதோடு விட்டதா? எதிராளியின் குரலை வைத்தே அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா, வலியில் இருக்கிறார்களா என்று மெஷின் கண்டுபிடித்துவிடுமாம். நன்றாக இருந்தால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. திரையில் புள்ளியாக விழும்.

“அப்ப அருணா வராதா?” என்று கேட்டாள் வல்லி.

“அவங்க வாரத்துக்கு ஒருக்கா வருவாங்க. இது தினமும் வருதேக்கா. எது பெட்டர்?”

தினமும் வருவதுதான் நல்லது என்று அவளுக்கும் பட்டது. படாமல் என்ன செய்யும்? அவளுடைய குரல் அல்லவா போகிறது.

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கிராமத்து ஜனம் ஒட்டாது. வல்லி யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாளோ அப்படியே மெஷினும் கூப்பிட வேண்டும் என்றான் ரகுநாத். அவன் பேரைப் படிக்கப் படிக்க அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். “அது சித்தப்பு. அது பெரியாத்தா. அவரு மாமா முறை, ஆனா நான் அண்ணேன்னுதான் கூப்புடுவேன்.”

“அழகம்மாள்?”

வல்லி டீயை ஒரு மடக்குக் குடித்தாள்.

“எங்க அண்ணம் பொண்டாட்டி. பேச்சு வார்த்தை கெடையாது.”

“மெஷினுக்கு உங்க சண்டையெல்லாம் தெரியாதுக்கா. அக்கான்னு போட்டுக்கவா?”

அப்போதுதான் அவளுக்கு அந்தக் குறும்பு புத்தி வந்தது. குறும்பு என்று சொல்வது மரியாதைக்கு. ஆறு வருஷமாகத் தெருவில் எதிரே வந்தால் ‘நீயா நானா’ என்று நின்றவள், இனி விடிந்தால் தன் குரலுக்குக் கைகட்டிப் பதில் சொல்லப் போகிறாள். நான் பேசினதாகவும் ஆகாது, அவளைப் பேச வைத்ததாகவும் ஆகும். நினைக்கவே வாயூறியது.

“மதினின்னே போடுங்க” என்றாள் வல்லி.

அவ்வளவுதான். ஒரு சொல். ஒரு மனுஷியைக் குழியில் தள்ள அது போதுமானதாக இருந்தது.

மெஷின் பேசத் தொடங்கியதும் ஊரே வியந்தது. வல்லியின் புருஷன் ரெங்கராஜ் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், மாத்திரை எடுப்பவர்களில் அவரும் ஒருவர். அடுப்படியில் பொண்டாட்டி தோசை சுட்டுக்கொண்டிருக்க, அவர் கைபேசியில் அதே பொண்டாட்டி “என்னங்க, மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டாள். மனுஷன் போனையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒருத்தியவே தாங்க முடியல” என்றார். பெரும்பாலோருக்கு இது மெஷின்தான் என்று போகப் போகத் தெரிந்துவிட்டது. சில பேர் அதோடு வம்பளந்தார்கள், சில பேர் திட்டிவிட்டு வைத்தார்கள்.

மதினிக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மெஷின் என்றால் அது பேரைச் சொல்லும், நம்பரைச் சொல்லும். ‘மதினி’ என்று எந்த மெஷின் கூப்பிடும்? உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட இருந்தது ஒரே ஒரு வாய். வல்லி அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்பதும் ஊரறிந்த சங்கதி. ஆபீசு வேலையைச் சாக்காக வைத்து நாத்தனார் மனமிறங்கிப் பேசுகிறாள் என்று அழகம்மாள் நம்பினாள். புருஷனும் போய், மகளையும் அசலூருக்குக் கொடுத்துவிட்டு ஒற்றையில் கிடந்தவள் அவள். காலையில் போன் அடிக்கும் என்று சீக்கிரமே எழுந்து முகம் கழுவி, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாளாம். பொன்னுத்தாய் பிறகு சொல்லி அழுதது இது. அது மெஷின் என்று சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லையாம்.

வல்லிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ரகுநாத்திடம் மட்டும் கேட்டுக்கொண்டாள்.

“எங்க மதினி பேசுதா தம்பி?”

“நல்லா பேசுறாங்கக்கா. உங்க ஊர்ல அவங்கதான் டாப்பு. எப்பவும் பச்சை.”

வீட்டுக்கு வந்து புருஷனிடம் பெருமையடித்தாள். “பாத்தீங்களா? வாயத் தெறக்காதவ இப்ப தெனமும் எனக்குப் பதில் சொல்றா.”

“ஒனக்கா சொல்றா? மெசினுக்குல்ல சொல்றா.”

“எங் கொரலுக்குத்தான சொல்றா?”

“தவளை தன் வாயால கெடும்பாங்க” என்றார் ரெங்கராஜ், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு.

ஒருநாள் ரேஷன் கடை வாசலில் மதினி எதிரே வந்தாள். வல்லியைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது. கண்ணில் ஒரு சிரிப்பு, ‘எல்லாம் எனக்குத் தெரியும்டி’ என்பதுபோல. வல்லிக்குச் சுருக்கென்றது. என்ன கொழுப்பு இவளுக்கு என்று வெடுக்கென முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மதினி அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. போனில் பேசுகிறவள் நேரில் பேச வெட்கப்படுகிறாள், சபதம் போட்டவள் அல்லவா, வீம்பு தானே இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். அந்த வாரத்தில்தான் அழகம்மாளுக்குக் காய்ச்சல் வந்து, மறுநாளே நெஞ்சிலும் முகத்திலும் சிவப்பாகப் போட்டது. பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா வந்துட்டா.” நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அம்மை இறங்கிய வீட்டுக்கு என்ன வழக்கமோ அது நடந்தது. தாளிப்பு இல்லை, வெளியாள் வரக்கூடாது, ஆஸ்பத்திரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வலிக்கிறது எரிகிறது என்று வாயால் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்தவளைக் குறை சொன்னால் அவள் கோபிப்பாள், உக்கிரம் கூடும். யார் கேட்டாலும் ‘சந்தோசமா இருக்கேன், ஒரு கொறையும் இல்ல’ என்றுதான் சொல்ல வேண்டும். அழகம்மாள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த முறை அது.

வந்தது அம்மை இல்லை. மாத்திரை அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் உள்ளிருந்து தோலைக் கருக்கிக்கொண்டு வந்தது. அது யாருக்குத் தெரியும்? காலையில் போன் அடித்தது. உடம்பு எப்படி இருக்கு மதினி என்றது. அவள் முறைப்படி பதில் சொன்னாள்.

தெருவில் வேப்பிலையை வல்லியும் பார்த்தாள். அருணா சொன்னது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. தோல்ல தடிப்பு. கால் ஓரடி முன்னால்கூட வைத்தது. ஆனால் ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் வெளியாள் போகலாமா? அதுவும் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சொன்ன வீடு. ஒன்றுக்கு இரண்டு சாக்குக் கிடைத்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல், அருணாதான் இப்போது வருவதில்லையே என்று ரகுநாத்துக்குப் போன் அடித்தாள்.

“தம்பி, எங்க மதினிக்கு அம்மை போட்டிருக்காம். மாத்திரையினால இருக்குமோ?”

“இருங்கக்கா, பாக்குறேன்.” சிறிது நேரம் தட்டிக்கொண்டிருந்தான். “பச்சைதான். ‘சந்தோசமா இருக்கேன், ஒரு கொறையும் இல்ல’ன்னு இன்னைக்குக் காலையில அவங்களே சொல்லியிருக்காங்க. குரலும் நல்லா இருக்கு. வலியில இருக்குறவங்க குரல் இப்படி இருக்காதுக்கா. மெஷின் ஏமாறாது.”

மெஷின் ஏமாறவும் இல்லைதான். அவள் குரலில் இருந்த சந்தோஷம் நிஜமான சந்தோஷம். உடம்பெல்லாம் தீயாக எரிந்தும், ஆறு வருஷம் கழித்து நாத்தனார் தினமும் கூப்பிட்டு விசாரிக்கிறாளே என்று அவள் மனது குளிர்ந்திருந்தது. அதைத்தான் மெஷின் பிடித்துப் பச்சை போட்டது. ஒருத்தர் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்திருந்தால் போதும். முகத்தைப் பார்க்க ஆள் எதற்கு என்றுதான் அருணாவை நிறுத்தியாகிவிட்டதே!

“சரி தம்பி” என்று வல்லி போனை வைத்தாள். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

இலக்கியாவின் போன் வந்தபோது அவள் அரிமளம் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை அவளோடு பேசியதே கிடையாது.

“அத்தை, இன்னைக்குத்தான் வந்து பாத்துட்டு அம்மாவப் புதுக்கோட்டைக்குத் தூக்கிட்டு வந்திருக்கோம். பெரிய ஆஸ்பத்திரி. தோலெல்லாம் வெந்து கழண்டு வருது அத்தை. அம்மை இல்லையாம், மாத்திரைதான்கிறாங்க. நேத்து வரைக்கும் அதைப் போட்டிருக்கு.” அழுகையில் சொற்கள் உடைந்தன. “ஒங்களப் பாக்கணுங்குது. வல்லி வந்தாச்சா, வல்லி வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்கதான் தெனமும் போன்ல பேசுனீங்களாமே? எங்கிட்டச் சொல்லவே இல்லையே அத்தை. நீங்க ரெண்டு பேரும் ராசியானது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?”

வல்லி கையிலிருந்த கத்தரிக்காயைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினாள். ஏறியதும் ரகுநாத்தைக் கூப்பிட்டுக் கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“சாகக் கெடக்குறாடா எங்க மதினி! பச்சைங்குறீயே, பச்சை!”

“கத்தாதீங்கக்கா. எங்க டேட்டாவுல இன்னைக்குக் காலை வரைக்கும் பச்சைதான். இருக்குற எல்லார்லயும் அவங்கதான் ரொம்ப சந்தோசமான பேஷண்ட்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? பாத்துப் பேசுங்க. மாத்திரை போடலாமான்னு அவங்க கேட்டிருக்காங்க, போடுங்கன்னு பதில் போயிருக்கு. அது மெஷின் சொன்னது. மெஷின் மேல யாரும் கேஸ் போட முடியாது. ஆனா ஒரு மனுசங்க சொன்னாங்கன்னு ஆச்சுன்னா, அந்த மனுசங்கதான் உள்ள போகணும். உங்க குரல்கா. புரியுதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புதுக்கோட்டை வருகிறவரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்கார இடம் இருந்தும்.

வார்டில் அழகம்மாளை வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு கொசுவலைக்குள் கிடத்தியிருந்தார்கள். வல்லி அவளை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன, உதடு கறுத்து வெடித்திருந்தது. தொடுவதற்கு உடம்பில் ஓர் இடம் இல்லை. தோள் பக்கம் துணி விலகிய இடத்தில் கண்டதைச் சொல்ல வேண்டாம், கேட்டால் சோறு இறங்காது.

“மதினி” என்றாள் வல்லி. ஆறு வருஷத்தில் அவள் சொந்த வாயால் சொன்ன முதல் மதினி.

“வந்துட்டியா?” அந்த வெடித்த உதடு சிரிக்கப் பார்த்தது. “வாசப்படி மிதிக்க மாட்டேன்னியே, கெட்டிக்காரி. போன் வழியாவே உள்ள வந்துட்டீல்ல.”

வல்லி கொசுவலையை ஒட்டி நெருங்கி நின்றாள்.

“ரேசன் கடையில மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா. மறுநா காலையில மதினி மதினின்னு கொஞ்சுறா. நான் பொன்னுத்தாய்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். வீம்பு புடிச்ச கழுதை.” மூச்சு வாங்கியது. “நெசமாச் சொல்லு. எம்மேல கோவம் போயிருச்சுல்ல?”

“போயிருச்சு மதினி.”

“தெனமும் கூப்புட்டியே, அது ஒனக்குள்ள இருந்துதான வந்துச்சு? ஆபீசுக்காக இல்லைல்ல?”

“இல்ல மதினி. நாந்தான். ஒங்களுக்காகத்தான் கூப்புட்டேன்.”

பொய்தான். ஆனால் வல்லி தன் வாழ்நாளில் சொன்ன உருப்படியான சொல் அது ஒன்றுதான் என்று நான் சொல்வேன். அழகம்மாள் அப்படியே சாந்தமானாள். கால்மாட்டில் நின்ற இலக்கியா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வல்லியும் கதறினாள். கதவுக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கதறினாள். அதோடு சாமி அவளை விட்டிருக்கக் கூடாதா?

டாக்டர் மணிமேகலை வந்தார். சின்ன வயசு, ரெண்டு நாளாகத் தூங்காத கண். மருந்துச் சீட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா, கண்ணும் வாயும் வெந்து போச்சு. அப்புறமும் அந்த மாத்திரையை ஏன் நிறுத்தலை?”

“வல்லிகிட்டக் கேட்டேங்க” என்றாள் அழகம்மாள். அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. “ஆத்தா வந்திருக்கையில மாத்திரை போடலாமாடின்னு கேட்டேன். விடாமப் போடுங்க மதினின்னு சொல்லுச்சு. அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு போட்டேன். இந்தா நிக்கிறா பாருங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். “நீங்கதான் வல்லியா? நீங்களா போடச் சொன்னீங்க?” குரல் உயர்ந்தது. “தடிப்பு போட்ட அன்னைக்கே நிறுத்தியிருந்தா இவங்களை எழுப்பி உட்கார வெச்சிருக்கலாம். இதை நான் எழுதித்தான் ஆகணும். சொல்லுங்க, நீங்களா சொன்னீங்க?”

இலக்கியாவின் அழுகை நின்றது. அவள் அத்தையைப் பார்த்தாள். வாசலில் நின்ற கூட்டமும் பார்த்தது. வல்லிக்கு ரகுநாத் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. அந்த மனுசங்கதான் உள்ள போகணும். மகன் வெளிநாட்டில், புருஷன் வாயில்லாப் பூச்சி. தன்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவதை ஊர் நின்று பார்ப்பது கண்முன்னால் வந்தது.

“அய்யய்யோ, நான் இல்லைங்க!” என்றாள். பயத்தில் தொண்டை அதன் பழக்கப்படிப் பெரிசாகத் திறந்துகொண்டது. “நான் ஒரு நாளும் போன் பண்ணலைங்க. அது மெசினுங்க. எங் கொரல புடிச்சு வச்சுக்கிட்டு கம்பெனிக்காரன் பேச வைக்கிறான். எங்களுக்குள்ள ஆறு வருசமாப் பேச்சே கெடையாதுங்க. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, நான் இவககிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல!”

வார்டின் மறுகோடியில் படுத்திருந்தவர்களுக்கும் கேட்டது. கொசுவலைக்குள் இருந்தவளுக்குக் கேட்காமல் இருக்குமா?

கண் திறக்க முடியாத அழகம்மாள் முகத்தை மட்டும் குரல் வந்த திசைக்குத் திருப்பினாள்.

“அப்ப மதினின்னு கூப்புட்டது?”

“அது நாந்தான் போடச் சொன்னேன் மதினி. சும்மா ஒரு இதுக்கு...” வல்லிக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “மதினி, நான் இப்பச் சொன்னது நெசம் மதினி. கோவம் இல்ல, சத்தியமா இல்ல. மதினி!”

“சரிங்க” என்றாள் அழகம்மாள். யாரோ வழி கேட்க வந்தவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் வல்லியிடம் பேசவில்லை. மகளிடமும் தண்ணீர் கேட்டதைத் தவிரப் பேசவில்லை. டாக்டர் அந்த அம்மா அவரால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார். கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. ரகுநாத் போனை எடுக்கவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அழகம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

உடம்பு ஊருக்கு வந்தது. முகத்தை மட்டும் கொஞ்சம் தெரியவிட்டு, மற்றதையெல்லாம் இறுக மூடியிருந்தார்கள். குளிப்பாட்ட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வல்லி அந்த நாலு வீட்டைத் தாண்டிப் போனாள். வாசப்படியை மிதித்தாள். சாவு வீட்டில் பகை பார்ப்பதில்லை. வெட்டிக்கொண்டவர்கள்கூட வந்து வாய்க்கரிசி போட்டுவிட்டுப் போவது அந்த ஊர் மரியாதை. பெண்கள் வரிசையில் நின்றாள். தட்டிலிருந்து ஒரு கை அரிசி எடுத்துக்கொண்டாள். அவள் முறை வந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இலக்கியா எழுந்து குறுக்கே நின்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“நில்லுங்க அத்தை.”

“இலக்கியா, அத்தைய மன்னிச்சிரும்மா. ஒரு பிடி அரிசி. நான் தூக்கி வளத்த புள்ளடி நீ...”

“ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. மாத்திரைய நீங்க போடச் சொல்லலை, எனக்குத் தெரியும். போலீசு கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன், பயப்படாதீங்க.” இலக்கியா நிதானமாகப் பேசினாள். “ஆனா எங்கம்மா தெனமும் பேசிக்கிட்டு இருந்தது அவுங்க நாத்தனார்கிட்ட. கோவம் போயிருச்சு, ஒங்களுக்காகத்தான் கூப்புட்டேன்னு சொன்னாங்கள்ல, அவுங்ககிட்ட. நீங்க அவுங்க இல்லைன்னு நீங்களேதான் சொன்னீங்க. ஆஸ்பத்திரியே கேக்குற மாதிரி சொன்னீங்க. ஒரு வார்த்தை பேசுனதில்லன்னீங்க. பேச்சு இல்லாதவுங்க எங்கம்மா வாய்க்கு அரிசி போட வேணாம். அங்கிட்டுப் போங்க.”

கூட்டத்தில் ஒருத்தரும் வல்லிக்குப் பரிந்து வாய் திறக்கவில்லை. பொன்னுத்தாய்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற கிழவி, “நகருத்தா, பொழுதாகுது” என்று வல்லியின் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள்.

வல்லி வாசலுக்கு வந்தாள். கையில் அரிசி அப்படியே இருந்தது. தேர்ப்பாடை கிளம்பி, தெரு திரும்பி, கண்மாய்க்கரை ஏறுகிறவரைக்கும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.